கால் பதியாத கரை

நுழையும்முன்

பாய்மரக் கப்பலில் நெடுந்தொலைவு செல்வோர்க்குத் துறைமுகம் என்பது வெறும் நிறுத்தமன்று. நன்னீரும் புதிய காய்கனிகளும் ஆடாத நிலமும் ஒருங்கே கிடைக்கும் இடம் அது. பல மாதங்களாகக் கனவு கண்ட ஒரு துறையைக் கண்ணெதிரே கண்டும், அதில் இறங்க இயலாமல் திரும்பிய இளைஞர் ஒருவரைப் பற்றியது இப்பாடம். அவ்விளைஞர், உயிரினங்களின் தோற்றம் குறித்த உலகின் சிந்தனையைப் பின்னாளில் மாற்றியமைத்த சார்லஸ் டார்வின்.

நூல் காட்டிய தீவு

1831ஆம் ஆண்டின் வேனிற்பருவம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டத்தேர்வை முடித்திருந்த டார்வினின் கையில் ஒரு பயணநூல் இருந்தது. செருமானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், தென் அமெரிக்கப் பகுதிகளில் தாம் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி எழுதிய நூல் அது. அப்பயணத்தின் தொடக்கத்தில், 1799ஆம் ஆண்டு சூன் திங்களில், ஹம்போல்ட் சில நாள்கள் டெனெரீஃப் தீவில் தங்கினார். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த கேனரித் தீவுகளுள் பெரியது டெனெரீஃப். அதன் நடுவே 3,715 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்பது டெய்டே என்னும் எரிமலை. ஹம்போல்ட் அதன்மீது ஏறினார். கடலோரத்தில் ஒருவகைச் செடிகொடிகள், சற்று மேலே வேறொருவகை, அதற்கும் மேலே மற்றொன்று என உயரத்திற்கேற்ப மாறிச்செல்லும் தாவர அடுக்குகளை அவர் விரித்துரைத்தார். ஒரோதாவா என்னும் ஊரில் நின்ற பழமையான டிராகன் மரத்தைப் பற்றியும் எழுதினார்.

இப்பகுதிகள் டார்வினைக் கட்டிப்போட்டன. நீண்ட பத்திகளை அவர் தம் கைப்படப் படியெடுத்தார். ஆசிரியர் ஹென்ஸ்லோவுடனும் நண்பர்களுடனும் வெளியிடங்களுக்குச் சென்றபோது அவற்றை உரக்கப் படித்துக் காட்டினார். படித்துக் காட்டியதோடு நிற்கவில்லை. டெனெரீஃப் செல்லும் திட்டத்தையே வகுத்துவிட்டார். இலண்டனில் ஒரு வணிகரிடம் கப்பல் பற்றிக் கேட்டறிந்தார்; ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினார். உடன் வருவார் என்று நம்பியிருந்த ராம்சே என்னும் நண்பர் அவ்வாண்டிலேயே இறந்துபோனார். திட்டம் தளர்ந்தது, ஆசை தளரவில்லை.

பீகிள் கப்பலில் ஓர் இடம்

ஆகஸ்டுத் திங்களில் டார்வின், நிலவியல் பேராசிரியர் செட்ஜ்விக்குடன் வேல்ஸ் நாட்டு மலைகளில் பாறைகளை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாதம் 29ஆம் நாள் வீடு திரும்பியபோது ஒரு கடிதம் காத்திருந்தது. ராபர்ட் ஃபிட்ஸ்ராய் என்னும் கடற்படைத் தலைவர் தென் அமெரிக்கக் கரையோரத்தை அளந்து வரைபடம் வரையச் செல்கிறார் என்றும், இயற்கை ஆய்வில் நாட்டமுள்ள ஒருவர் தம்முடன் வருவதை அவர் விரும்புகிறார் என்றும் அதில் எழுதியிருந்தது. தந்தை உடன்படவில்லை. அறிவார்ந்த ஒருவரேனும் இப்பயணத்தை ஆதரித்தால் இசைவு தருவதாகக் கூறினார். தாய்மாமன் ஜோசயா வெட்ஜ்வுட் ஆதரித்தார். அதன்பின் தந்தை தடை சொல்லவில்லை.

பீகிள் பெரிய கப்பலன்று. ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள அக்கலத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் ஏறினர். டார்வினுக்குக் கிடைத்தது, வரைபட மேசை பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட சிற்றறையின் ஒரு மூலை. இரவில் அம்மேசைக்கு மேலேயே தூளிப்படுக்கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கால் நீட்ட இடமின்றிச் சுவரிலிருந்த இழுப்பறை ஒன்றைக் கழற்றி, அந்த இடைவெளியில் பாதங்களை நுழைத்து உறங்கினார். ஆயினும் பயண வழியில் டெனெரீஃப் இருந்தது. தனியே கப்பல் தேடி அலைந்தும் கிட்டாத வாய்ப்பு, அரசுக் கப்பலிலேயே வந்து சேர்ந்தது. விடைபெறும்போது ஹென்ஸ்லோ அளித்த அன்பளிப்பும் ஹம்போல்ட்டின் அந்நூலே.

பத்து நாள் கடல்

பாய்மரக் கப்பலுக்குக் காற்றே தலைவன். டிசம்பர் 10ஆம் நாள் புறப்பட்ட பீகிளைப் புயற்காற்று துறைமுகத்திற்கே திருப்பி விரட்டியது. 21ஆம் நாள் மீண்டும் முயன்றும் பயனில்லை. 27ஆம் நாளே அது பிளைமவுத் துறையைவிட்டு நீங்கியது. 

டார்வினுக்கு அப்போது 22 வயது. கடல்நோய் அவரைப் படுத்த படுக்கையாக்கியது. உலர்திராட்சை தவிர வேறெதுவும் பெரும்பாலும் வயிற்றில் தங்கவில்லை. சனவரி 4ஆம் நாள் கப்பல் மதேராத் தீவை நெருங்கியது. அங்கு நங்கூரமிடக் கடல் இடந்தரவில்லை. கப்பல் நிற்காமல் கடந்தது. அத்தீவை எட்டிப்பார்க்கக்கூட டார்வின் மேல்தளத்திற்கு ஏறி வரவில்லை. அந்த அளவுக்கு உடல் சோர்ந்திருந்தது. எனினும், அடுத்த நிறுத்தம் டெனெரீஃப் என்னும் எண்ணம் அவரைத் தாங்கியது. படுத்தபடியே ஹம்போல்ட்டைப் படித்தார்.

படகில் வந்த செய்தி

1832 சனவரி 6. வானம் தெளிந்திருந்தது, காற்று இதமாக வீசியது. டெனெரீஃபின் துறைமுகமான சாண்டா குரூஸ் கண்முன் விரிந்தது. கருநிற எரிமலைப் பாறைகளுக்குக் கீழே வெண்ணிற வீடுகள். ஓராண்டுக் காலம் எழுத்தில் மட்டுமே கண்ட இடம், ஒரு படகுத் தொலைவில் நின்றது. 

அவ்வேளையில் கரையிலிருந்து ஒரு படகு வந்தது. அதில் வந்தவர்கள் ஒரு செய்தியைக் கூறினர்: இங்கிலாந்தில் காலரா பரவியிருப்பதால், அங்கிருந்து வரும் கப்பலிலுள்ளோர் 12 நாள்கள் தனிமைப்படுத்தலில் இருந்த பின்னரே கரையிறங்கலாம். அதுவரை எவரும் தரையில் கால் வைக்கக் கூடாது.

கப்பலில் பேச்சொலி அடங்கியது. ஃபிட்ஸ்ராய் நெடுநேரம் எண்ணவில்லை. முன்பாயை ஏற்றுமாறு ஆணையிட்டார். கலம் திரும்பிற்று. 

அவர் கல்நெஞ்சராக அவ்வாணையை இடவில்லை. பீகிளின் முதற்பணி அளவை. அதில் 22 காலமானிகள் ஏற்றப்பட்டிருந்தன. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, தொடங்கிய இடத்தின் நேரத்தையும் நிற்கும் இடத்தின் நேரத்தையும் ஒப்பிட்டால் தீர்க்கக்கோட்டைக் கணக்கிடலாம். கடிகாரம் நான்கு நொடி பிழைத்தால் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஒரு கடல்மைல் பிழை நேரும். அத்தகைய கருவிகளைக் கரையில் இறங்கி விண்மீன்களையும் கதிரவனையும் நோக்கிச் சரிபார்த்தால்தான் அளவை செம்மையுறும். கரையிறங்கவே வழியில்லாத துறையில் பன்னிரண்டு நாள்களைக் கழிப்பது அவருக்கு இழப்பாகவே தோன்றியது. ஆயினும், டார்வினின் நிலை அவருக்குப் புரியாமலில்லை. அம்மலையைக் காணும் ஆவலோடு வந்தவருக்கு இது உண்மையான பேரிழப்பு என்று பின்னர்த் தம் பயண நூலில் அவரே குறித்துள்ளார்.

காலராவும் காவலும்

சாண்டா குரூஸ் அதிகாரிகள் மிகை அச்சத்தால் அவ்வாறு செய்தனரா? அக்காலச் சூழலை அறிந்தால் அவ்வாறு கூறத் தோன்றாது. கங்கைச் சமவெளியின் கழிமுகப் பகுதியில் நெடுங்காலமாக இருந்துவந்த காலரா, 1817க்குப் பிறகு வணிகப் பாதைகளின் வழியே உலகெங்கும் அலையலையாகப் பரவத் தொடங்கியது. இரண்டாம் அலை உருசியா வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 1831ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை எட்டியது. அது கப்பலேறி வருகிறது என்பதை எல்லாரும் கண்டனர். எதன்மூலம் தொற்றுகிறது என்பதை எவரும் அறிந்திலர். மாசடைந்த குடிநீரே காரணம் என்பதை ஜான் ஸ்நோ இலண்டனில் உறுதிப்பட விளக்கியது 1854இல். ராபர்ட் கோக் அந்நோய்க் கிருமியை எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆய்ந்து இனங்கண்டது 1883–84இல். மருந்தும் இல்லை, காரணமும் தெரியவில்லை என்ற நிலையில், ஒரு தீவு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது ஒன்றே. கப்பல்களைத் தள்ளி நிறுத்துவது.

இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால் வேறொன்று புலனாகும். காலராக் கிருமி உடலில் நுழைந்த சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள்களுக்குள் நோய் வெளிப்படும். பீகிள் டெனெரீஃபை அடைந்தபோது அது பிளைமவுத்தைவிட்டு நீங்கிப் பத்து நாள்கள் ஆகியிருந்தன. கடற்பயணமே ஒருவகைத் தனிமைப்படுத்தலாக அமைந்துவிட்டது எனலாம். ஆனால், அதிகாரிகள் நாள் எண்ணியது கப்பல் புறப்பட்ட நாளிலிருந்து அன்று. வந்து சேர்ந்த நாளிலிருந்து. ஒருவேளை அறியாமையால் நேர்ந்த கண்டிப்பாக இருக்கலாம். எனினும், நோய் புகுந்திருந்தால் மாண்டிருப்போர் அத்தீவின் மக்களே என்பதை மறந்துவிட்டு, ஓர் இளைஞரின் ஏமாற்றத்தை மட்டும் கணக்கில் கொள்வது நேர்மையன்று.

தெரிந்து தெளிவோம்

கப்பல்களைத் தனிமைப்படுத்தும் வழக்கம் மிகப் பழையது. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ஏட்ரியாட்டிக் கடற்கரை நகரம் 1377இல், கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோர் 30 நாள்கள் ஒதுங்கியிருக்க வேண்டும் என விதித்தது. பின்னர் அது 40 நாள்களாயிற்று. நாற்பது என்னும் பொருள்தரும் இத்தாலியச் சொல்லே 'குவாரண்டைன்' என்பதற்கு அடிப்படை. வேற்று நாட்டுத் துறைக்குள் நுழையும் பாய்மரப் படகுகள், சுங்க, நல அதிகாரிகளின் இசைவு கிடைக்கும்வரை மஞ்சள்நிறச் சிறுகொடியை இன்றும் ஏற்றி வைக்கின்றன. தமிழ்நாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்த முகாமில் நோய்த்தடுப்பிற்காகத் தங்கவைக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். 'மண்டபம் கேம்ப்' என்னும் ஊர்ப்பெயர் அதன் எச்சமாகும்.

காற்றடங்கிய இரவு

அன்றிரவு காற்று ஓய்ந்தது. விரைந்து நீங்க எண்ணிய கப்பலால் விரைய இயலவில்லை. கேனரித் தீவுகளுக்கிடையே பீகிள் ஏறத்தாழ நின்றே கிடந்தது. வெப்பமண்டல இரவின் முதல் இன்பத்தை டார்வின் அன்று உணர்ந்தார். மறுநாள் விடியலில், கிரான் கனேரியாத் தீவின் கரடுமுரடான விளிம்புக்குப் பின்னிருந்து கதிரவன் எழுந்தான். டெய்டேயின் கொடுமுடி திடீரென ஒளிர்ந்தது. மலையின் கீழ்ப்பகுதியை வெண்முகில்கள் மூடியிருந்தன. ஏற விரும்பிய மலையை நோக்க மட்டுமே முடிந்தது. கப்பல் மெல்ல நகர, அம்முடி நெடுநேரம் பின்தொடர்ந்து, பின்னர் மறைந்தது.

சில நாள்களுக்குள் டார்வின் வேலையில் இறங்கிவிட்டார். கொடித்துணியால் நான்கு அடி ஆழமுள்ள பை ஒன்றைத் தைத்து, அதன் வாயை அரைவட்ட வளையத்தில் பொருத்திக் கப்பலின் பின்புறம் கயிற்றில் கட்டி இழுக்கவிட்டார். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதில் குவிந்தன. கரையிலிருந்து இவ்வளவு தொலைவில், காண்பாரற்ற ஆழ்கடலில், இத்துணை அழகிய வடிவங்கள் எதற்காக எனும் வியப்பு அவருக்கு எழுந்தது. மிதவையுயிர்களைப் பிடிக்க அமைக்கப்பட்ட தொடக்ககால வலைகளுள் அதுவும் ஒன்று.

போர்ட்டோ பிரயா

சனவரி 16ஆம் நாள் பீகிள், கேப் வெர்டே தீவுக்கூட்டத்தில் செயின்ட் ஜாகோ என அப்போது வழங்கப்பட்ட தீவின் போர்ட்டோ பிரயா துறையில் நங்கூரமிட்டது. கடலிலிருந்து நோக்கினால் பாழ்நிலம்; எரிமலைக் குழம்பு உறைந்த மேடுகள், வெயிலில் வெந்த மண். டெனெரீஃபை இழந்து வந்தவருக்கு இதுவும் ஓர் ஏமாற்றமாகவே அமைந்திருக்கக்கூடும். அவ்வாறு அமையவில்லை. ஒரு பள்ளத்தாக்கில் இறங்கியதும் புளிய மரங்களும் வாழைகளும் பனையினத் தருக்களும் செழித்து நிற்கக் கண்டார். நமக்கு நாளும் கண்ணில்படும் புளியும் வாழையும் அவருக்கு வெப்பமண்டலத்தின் முதற்காட்சி. பிறவிக் குருடர் ஒருவருக்குக் கண் கிடைத்தாற்போல் அன்று மகிழ்ந்தார்.

கருவிகளைச் சரிபார்க்க ஃபிட்ஸ்ராய்க்கு இங்கு நேரம் கிடைத்தது. மூன்று வாரங்களுக்கும் மேலாகக் கப்பல் அங்கேயே நின்றது. அந்நாள்களில் டார்வின் கவனித்த ஒன்று, துறைமுகத்தை ஒட்டிய பாறைச் சரிவில் கிடைமட்டமாக ஓடிய ஒரு வெண்பட்டை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 45 அடி உயரத்தில், பல கல் தொலைவுக்கு அது நீண்டு சென்றது. அருகே சென்று பார்த்தபோது அது சுண்ணப் படிவம் எனத் தெரிந்தது. அதனுள் கடற்சிப்பிகள் பதிந்திருந்தன. கீழே பழைய எரிமலைப் பாறை. மேலே பிற்கால எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. குழம்பு தொட்ட இடங்களில் சுண்ணப் படிவம் வெந்து உருமாறியிருந்தது. 

கடற்சிப்பி கடலடியில் படிய வேண்டும். அதன்மீது நெருப்புக்குழம்பு பாய்ந்து மூடியிருக்க வேண்டும். பின்னர் எல்லாம் சேர்ந்து நீருக்கு மேலே உயர்ந்திருக்க வேண்டும். பட்டை உடையாமல் நேராக இருப்பதால் அந்த உயர்வு திடீர்ப் பேரழிவாக நிகழ்ந்திராது. சிறிது சிறிதாக நிகழ்ந்திருக்கும். இவ்வாறு அவர் காரணங்களை அடுக்கினார். சார்லஸ் லயெல் எழுதிய நிலவியல் நூலின் முதற்பகுதி அவரிடம் இருந்தது. அதை அளித்தவர் ஃபிட்ஸ்ராய். புவியின் தோற்றம் நெடுங்காலச் சிறுமாற்றங்களால் அமைந்தது என்னும் லயெலின் கருத்தைக் கையால் தொட்டுப்பார்க்க அந்த வெண்பட்டை உதவியது. தாம் சென்ற நாடுகளின் நிலவியலைப் பற்றி நூலெழுதலாம் என்னும் எண்ணம் முதன்முதலில் தோன்றிய இடம் அதுவே என்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார்.

டெனெரீஃபில் இறங்க முடியாமற்போனதால்தான் டார்வின் அறிவியலறிஞரானார் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடக்கூடும். அது பொருந்தாது. டெனெரீஃபும் எரிமலைத் தீவே; அங்கு இறங்கியிருந்தாலும் பாறைகள் இருந்திருக்கும், பார்க்கும் கண்களும் இருந்திருக்கும். பின்னர் நேர்ந்த நன்மைக்காக முன்னர் நேர்ந்த இழப்பை இழப்பில்லை எனக் கூற வேண்டியதில்லை.

ஒரு நிகழ்ச்சி, இரண்டு பதிவுகள்

பயண இலக்கியம் பயில்வோர் கருதத்தக்க ஒன்று இங்குள்ளது. அன்றன்று எழுதிய நாட்குறிப்பில் டார்வின் தம் துயரத்தை மறைக்கவில்லை; கண்முன் நின்ற ஊரும் வந்த படகும் கப்பலில் பரவிய அமைதியும் அதில் உள்ளன. பயண நூலின் 1845ஆம் ஆண்டு பதிப்பிலோ, காலரா அச்சத்தால் தாங்கள் கரையிறங்கத் தடுக்கப்பட்டதை ஒரு சிறு தொடரில் சொல்லிவிட்டு, மறுநாள் விடியலில் மலைமுடி ஒளிர்ந்த காட்சிக்கு உடனே சென்றுவிடுகிறார். மறக்கவியலாத இனிய நாள்கள் பலவற்றுள் அதையே முதல் நாளாகக் கொள்கிறார். பதின்மூன்று ஆண்டுகள் இடைப்பட்டிருந்தன. நாட்குறிப்பில் இருப்பவர் திரும்பிச்செல்லும் கப்பலில் நிற்கும் இளைஞர்; நூலில் இருப்பவர் உலகைச் சுற்றிவந்து வீட்டில் அமர்ந்து எழுதும் அறிஞர். இரண்டும் உண்மையே. எனினும், அந்த நாளை அறிய விரும்புவோர் நாட்குறிப்பைத்தான் நாட வேண்டும்.

பீகிளின் பயணம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நீண்டது. திரும்பும் வழியில் அது பிரேசிலையும் போர்ட்டோ பிரயாவையும் மீண்டும் தொட்டது, அசோர்ஸ் தீவுகளில் நின்றது, டெனெரீஃபுக்குச் செல்லவில்லை. 1836 அக்டோபர் 2ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறையில் டார்வின் இறங்கினார். 1842ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டனில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அவர் ஹம்போல்ட்டை நேரில் சந்தித்தார். முதியவரான ஹம்போல்ட் மகிழ்ச்சியோடு நெடுநேரம் பேசினார். டார்வின் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னர் நாற்பதாண்டுகள் வாழ்ந்த டார்வின், பிரிட்டனைவிட்டு மீண்டும் வெளியே செல்லவில்லை.

கற்பவை கற்றபின்

நீங்கள் மேற்கொண்ட பயணம் ஒன்றில் எதிர்பார்த்துச் சென்று காண இயலாமற்போன இடத்தைப் பற்றி, அன்றே எழுதும் நாட்குறிப்பாக ஒரு பத்தியும், பல ஆண்டுகள் கழித்து எழுதும் கட்டுரையாக ஒரு பத்தியும் எழுதி, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.

சாண்டா குரூஸ் துறைமுக அதிகாரிகளின் முடிவு சரியா என்பது குறித்து, அத்தீவின் குடிமகன் ஒருவரும் பீகிளின் மாலுமி ஒருவரும் உரையாடுவதாக உரையாடல் ஒன்றை அமைக்க.